விருந்து மேசையில் ஒரு டார்ட்: அந்த இனிப்பைத் தந்தவர் யார்?



தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ் என்று எந்தத் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போனாலும் மேசையில் ஒரு தட்டு தவறாமல் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சின்ன டார்ட்டுகள். நடுவே அன்னாசி ஜாம். பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்தென்றால், பாதாம் தூளும் வெண்ணெயும் கலந்து, மேலே பழத்துண்டு வைத்துச் சுட்ட டார்ட்டும் இருக்கும். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே அடுத்ததற்குக் கை நீட்டுகிறோம்.

"இது வெள்ளைக்காரர் பலகாரமாயிற்றே! இதற்கும் தமிழர் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடித்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

ஒரு டார்ட்டைப் பிரித்துப் பாருங்கள். கோதுமை மாவு, வெண்ணெய், பாதாம், பழம், சீனி. இவற்றில் பாதாம், பழம், சீனி ஆகிய மூன்றும் வந்த வழியைத் தேடிப் போனால், அந்த வழிகளில் ஒன்று நம் முன்னோர் வெட்டி வேலை செய்த கரும்புக் காட்டுக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

பாக்தாத் சமையலறையிலிருந்து

முதலில் பாதாம். தமிழில் வாதுமை என்றும் சொல்கிறோம். பாதாம் என்பது பாரசீகச் சொல். மேற்கு ஆசியாவையும் மத்திய ஆசியாவையும் சேர்ந்த மரம் இது. காட்டுப் பாதாம் கசக்கும். கசப்பு மட்டுமன்று, மென்றால் சயனைடு நஞ்சை வெளியிடும். கசப்பில்லாத பருப்பு தரும் மரங்களை அடையாளங்கண்டு, அவற்றையே நட்டு வளர்த்தவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பெயர் தெரியாத உழவர்கள். ஒரே ஒரு மரபணுவில் நிகழ்ந்த மாற்றமே இந்த இனிப்புக்குக் காரணம் என்பதை 2019இல் விஞ்ஞானிகள் கண்டறிந்து வெளியிட்டார்கள். எகிப்து மன்னன் துத்தன்காமூனின் கல்லறையிலும் பாதாம் கிடைத்தது.

பாதாமையும் சீனியையும் அரைத்து, மெல்லிய மாவுக்குள் வைத்துச் செய்யும் 'லவ்சீனஜ்' என்ற பலகாரம் பத்தாம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் நூலில் இடம்பெற்றிருக்கிறது. அரபு மொழியில் 'லவ்ஸ்' என்றால் பாதாம். அரபு மக்கள் மேற்கே சென்ற இடங்களிலெல்லாம் கரும்பையும் பாதாம் பலகாரங்களையும் கொண்டு சென்றார்கள். சிசிலித் தீவு, ஸ்பெயின் வழியாக அந்தக் கைப்பக்குவம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது.

அங்கே இன்னொரு காரணமும் கைகொடுத்தது. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தின்போது கிறிஸ்தவர்கள் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றைத் தவிர்த்தார்கள். பாலுக்குப் பதிலாகப் பாதாமை அரைத்துப் பிழிந்த பாலைச் சமையலில் சேர்த்தார்கள். நாம் தேங்காய்ப்பால் பிழிவது போலத்தான். வசதி படைத்த வீடுகளில் பாதாம் மூட்டை இல்லாமல் சமையல் நடக்காது என்ற நிலை வந்தது.

பின்னாளில் வெண்ணெயும் முட்டையும் சீனியும் பாதாம் தூளும் சேர்ந்த கலவைக்கு பிரஞ்சுக்காரர்கள் 'ஃபிராஞ்சிப்பான்' என்று பெயர் வைத்தார்கள். இத்தாலியப் பிரபு குடும்பம் ஒன்றின் பெயரால், கையுறைக்குப் பூசும் வாசனைத் திரவியம் ஒன்று வழங்கியதாகவும், அந்த மணத்தின் பெயரே பலகாரத்துக்கும் வந்ததாகவும் சொல்வார்கள். நம் ஊரில் கெம்போஜா என்று அழைக்கும் பூமரத்துக்கு ஆங்கிலத்தில் ஃபிராஞ்சிப்பானி என்று பெயர் இருக்கிறதே, அதுவும் அதே வாசனையின் பெயர்தான்!

1493: ஒரே கப்பல் பயணத்தில் இரண்டு செய்தி

அடுத்தது சீனியும் பழமும். கரும்பின் தாயகம் நியூகினித் தீவு. ஆனால் அதன் சாற்றைக் காய்ச்சிப் பொடிக்கட்டியாக்கும் கலை இந்தியாவில் வளர்ந்தது. 'சர்க்கரா' என்ற சொல் பாரசீகத்தில் 'ஷக்கர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' ஆகி, ஆங்கிலத்தில் 'சுகர்' ஆயிற்று. மலாய்க்காரர்கள் சொல்லும் 'குலா' என்பதும் இந்தியாவிலிருந்து வந்த சொல்லே.

நெடுங்காலம் ஐரோப்பாவில் சீனி, மிளகைப் போல எடைபோட்டு விற்கும் அரிய சரக்காக இருந்தது. மருந்துக் கடையில் வாங்குவார்கள். டார்ட்டில் தாராளமாகச் சீனி போட அரண்மனைகளால்தான் முடிந்தது.

இந்த நிலை மாறத் தொடங்கிய ஆண்டு 1493. கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் கரும்புக் கன்றுகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு கரிபியன் தீவுகளுக்குப் போனார். அதே பயணத்தில் குவாதலூப் தீவில் ஐரோப்பியர் அதுவரை பார்த்திராத பழம் ஒன்றை அவர் ஆட்கள் ருசித்தார்கள். அதுதான் அன்னாசி! கரும்பு மேற்கே போனது. அன்னாசி கிழக்கே வரத் தயாரானது. இரண்டும் ஒரே பயணத்தின் கதை.

தென்னமெரிக்கப் பூர்வகுடிகளின் சொல்லைப் போர்த்துகீசியர் 'அனனாஸ்' என்று எடுத்துக்கொண்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அந்தப் பழத்தை இந்தியாவுக்கும் இந்த வட்டாரத்துக்கும் கொண்டுவந்தவர்களும் அவர்களே. மலாக்காவை அவர்கள் பிடித்தது 1511இல். தமிழில் 'அன்னாசி', மலாயில் 'நானாஸ்'. சந்தையில் நாம் கேட்பதும் பக்கத்துக் கடைக்காரர் சொல்வதும் ஒரே வேர்ச்சொல்லின் இரண்டு கிளைகள்தாம்.

கரும்பின் கதை இவ்வளவு இனிப்பாக இல்லை. அதை நட, வெட்ட, பிழிய ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்துக் கொண்டுபோனார்கள். அட்லாண்டிக் கடலைக் கடக்கக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கணக்கு. அவர்களில் மிகப் பலர் போய்ச் சேர்ந்த இடம் கரும்புத் தோட்டம்.

ஆங்கிலேயரின் தேநீர் மேசை

1700ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ஓர் ஆள் ஆண்டுக்குச் சாப்பிட்ட சீனி ஏறத்தாழ 4 பவுண்டு. 1800இல் அது 18 பவுண்டு அளவுக்கு உயர்ந்தது. அடுத்த நூறாண்டில் மேலும் பல மடங்கு கூடியது. தேநீரில் சீனி, ரொட்டியில் ஜாம், மாலையில் டார்ட் என்று சாதாரணக் குடும்பமும் இனிப்புக்குப் பழகியது. விருந்துக்கு வந்தவர்கள் ஒரு கையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்துச் சாப்பிட, கத்தியும் முள்கரண்டியும் தேவைப்படாத சின்ன டார்ட் வசதியாக இருந்தது.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் வட்டாரத்தில் பேக்வெல் என்று ஓர் ஊர். ஜாமும் பாதாம் மணமும் சேர்ந்த பேக்வெல் டார்ட்டுக்கு அந்த ஊர்ப் பெயர்தான். அதற்கு முன்னோடி பேக்வெல் புட்டிங். அந்த ஊர் விடுதியில் சமையல்காரப் பெண் ஒருவர், முதலாளியம்மா சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மாவில் கலக்க வேண்டிய முட்டைக் கலவையை ஜாமின் மேல் ஊற்றிவிட்டதால் அது பிறந்தது என்று ஒரு கதை உண்டு. 1860களில் நடந்ததாகப் பலரும் சொல்வார்கள். ஆனால் எலைசா ஆக்டன் என்ற அம்மையார் 1845இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே பேக்வெல் புட்டிங் இருக்கிறது! கதை சுவையானதுதான், காலக்கணக்குதான் ஒத்துவரவில்லை.

1845 என்ற அந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், அதே 1840களில்தான் நம் பினாங்குக்கு எதிர்க்கரையில் வேறொரு காட்சி நடந்துகொண்டிருந்தது.

செபராங் பிறையின் கரும்புக் காடு

பிரிட்டிஷ் ஆட்சி தன் காலனிகளில் அடிமை முறையை 1834இல் சட்டப்படி ஒழித்தது. ஒழித்தபோது இழப்பீடாக 2 கோடி பவுண்டு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? முதலாளிகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. மொரிசியசுக்கும், பிறகு கயானாவுக்கும், பிஜிக்கும் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய கதையை நாம் அறிவோம்.

நம் நாட்டுக்கு வந்த கதையைச் சொல்லும்போது மட்டும் ரப்பரிலிருந்து தொடங்கிவிடுகிறோம். பால்மரக் காடு, கங்காணி, லயன் வீடு என்றே பேசிப் பழகிவிட்டோம். ரப்பருக்கு முன்பே, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, நம்மவர்கள் வெட்டியது கரும்பு.

அன்று புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்று அழைக்கப்பட்ட இன்றைய செபராங் பிறையில், முதலில் கரும்பு நட்டவர்கள் சீனர்கள். தியோச்சூ இனத்தவர் பத்து காவான் பக்கத்தில் நட்டுச் சீனி காய்ச்சினார்கள். 1840களில் ஐரோப்பிய முதலாளிகள் பெரும் தோட்டங்களைத் திறந்தார்கள். பினாங்கு, புரோவின்ஸ் வெல்லெஸ்லி சீனிக்கு 1846இல் பிரிட்டனில் இறக்குமதி வரிச்சலுகை கிடைத்ததும் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. பத்து காவான், கலிடோனியா, பைரம் என்று தோட்டப் பெயர்கள் நீளும். வேலைக்கு ஆட்கள் வந்தது நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து. முன்பணத்தைக் கடனாகத் தலையில் சுமத்தி, சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதி அனுப்பினார்கள். சஞ்சிக்கூலி என்று நம் பெரியவர்கள் சொல்வது இவர்களைத்தான்.

கரும்பு வேலை எப்படிப்பட்டது தெரியுமா? கடலோரச் சதுப்பு நிலம். முதலில் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்க வேண்டும். கொசுவும் காய்ச்சலும் கூடவே இருக்கும். கரும்பின் சோகை கையையும் முகத்தையும் அறுக்கும். வெட்டிய கரும்பைக் காக்க வைக்க முடியாது. சாற்றின் இனிப்பு குறையத் தொடங்கிவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலைக்கு ஓய்வில்லை, ஆளுக்கும் ஓய்வில்லை. கொதிக்கும் பாகுக் கொப்பரையின் பக்கத்தில் நின்று வேலை பார்க்க வேண்டும். வேலை பிடிக்கவில்லை என்று ஒப்பந்தத்தை விட்டு விலகினால், அது சட்டப்படி குற்றம். பிடித்துச் சிறையில் போடலாம்!

இந்திய அரசாங்கம் 1870இல் இந்தக் குடியேற்றத்தை நிறுத்தி, 1872இல் சட்ட விதிகளோடு மீண்டும் அனுமதித்தது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்குள் ஜாவாவின் சீனிப் போட்டியாலும் ரப்பர் விலை உயர்வாலும் கரும்பின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. கரும்பு இருந்த நிலத்தில் ரப்பரும் தென்னையும் ஏறின. கரும்பு போனதும் அந்த மனிதர்களின் நினைவும் போய்விட்டது.

பேக்வெல் ஊர் மேசையிலிருந்த குறிப்பிட்ட ஒரு டார்ட்டில் எந்தத் தோட்டத்துச் சீனி இருந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லா நாட்டு மூட்டைகளும் பிரிட்டனின் துறைமுகங்களில் ஒன்றாகக் குவிந்தன. ஆனால் சீனி மலிவானதால்தான் டார்ட் சாதாரண வீட்டுப் பலகாரமானது. அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களும் உண்டு.

பேக்வெல் விடுதியின் சமையல்காரப் பெண்ணுக்கு, நடக்காத ஒரு நிகழ்ச்சியை வைத்து அந்த ஊரே கதை சொல்கிறது. சீனிக்காக உழைத்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு, நடந்த நிகழ்ச்சியைச் சொல்லவே ஆள் இல்லை. சிந்தித்துப் பாருங்கள்.

அன்னாசி மன்னர்கள்

இந்த நாட்டு அன்னாசிக்கும் ரப்பரோடு உறவு உண்டு. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை வருமானம்? கன்றுகளுக்கு இடையே அன்னாசியை நட்டார்கள். பழத்தைத் தகரத்தில் அடைத்து ஏற்றுமதி செய்யும் ஆலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் தோன்றின. புகழ்பெற்ற தொழிலதிபர் டான் கா கீ 1904இல் தம் அன்னாசி ஆலையைத் தொடங்கினார். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்துக்குப் பெயர் தந்த லிம் நீ சூனை 'அன்னாசி மன்னர்' என்றே அழைத்தார்கள். 1930களில் தகர அன்னாசி உற்பத்தியில் ஹவாய்க்கு அடுத்த இடம் மலாயாவுக்கு. அதன் பெரிய சந்தை பிரிட்டன். தோலைச் சீவி, கண் எடுத்து, வளையம் வளையமாக நறுக்கியவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். இன்றும் ஜொகூர், பொந்தியான் வட்டாரத்தில் பெக்கான் நானாஸ் என்ற ஊர் அந்தப் பழத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் அடுப்புக்கு வந்த டார்ட்

ஐரோப்பியரின் வெண்ணெய் மாவும் இந்த மண்ணில் விளைந்த அன்னாசியும் யுரேசியர், பெரனாக்கான் வீட்டுச் சமையலறைகளில் ஒன்றுசேர்ந்தன. அன்னாசியைத் துருவி, சீனியோடு பட்டை, கிராம்பு போட்டுக் கிளறிய ஜாமைக் கவனியுங்கள். வெள்ளைக்காரர் மாவின் மேல் நம் வட்டார மணம் ஏறிவிட்டது! மலாய் வீடுகளில் அது 'குவே தாட்' ஆனது. ஹொக்கியன் மொழியில் அன்னாசியின் பெயர் 'செழிப்பு வருக' என்ற பொருளில் ஒலிப்பதால் சீனப் புத்தாண்டுக்கு அது கட்டாயப் பலகாரமானது.

தமிழ் வீட்டுப் பெண்கள் இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றதைவிட, அண்டை வீட்டுச் சமையலறையில் பார்த்துக் கற்றதே அதிகம். அந்தக் காலத்தில் மின்சார ஓவன் ஏது? தகரப் பெட்டியைக் கரியடுப்பில் ஏற்றி, மூடியின் மேலேயும் கரித்தணல் பரப்பிச் சுட்டார்கள். மேல் சூடு, கீழ்ச் சூடு இரண்டையும் கையாலேயே அளந்தார்கள். முறுக்கும் அதிரசமும் ஒரு தட்டிலும், டார்ட்டும் பகுலுவும் இன்னொரு தட்டிலுமாக வேலி தாண்டிப் போய்வந்தன.

விருந்துக்குச் சுடும்போது

வரலாறு பேசிவிட்டுச் செய்முறை சொல்லாமல் போனால் தாய்மார்கள் கோபிப்பார்கள். பாதாமும் பழமும் சேர்ந்த சின்ன டார்ட்டுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வெண்ணெய் 100 கிராம், சீனி 100 கிராம், பாதாம் தூள் 100 கிராம், முட்டை இரண்டு. வெண்ணெயையும் சீனியையும் குழைத்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் பாதாம் தூளைக் கலந்தால் உள்வைப்பு தயார்.

நம் ஊர் வெயிலில் வெண்ணெய் சீக்கிரம் உருகும். ஆகவே மேல்மாவைப் பிசைந்ததும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். அச்சில் பரப்பிய பிறகும் சிறிது நேரம் வையுங்கள். அப்போதுதான் ஓரம் சுருங்காது. அச்சில் பாதாம் கலவையை முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்புங்கள், உப்பி வரும். அன்னாசியைப் பச்சையாக வைத்தால் நீர் விட்டு மாவு நமுத்துப் போகும். முதலில் சீனியோடு கிளறி நீரை வற்றவிட்டு வையுங்கள். மிஞ்சும் ஈரத்தைப் பாதாம் இழுத்துக்கொள்ளும். 180 பாகை சூட்டில் ஏறத்தாழ 20 நிமிடம். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். ஒன்று மறக்காதீர்கள். பருப்பு வகை ஒவ்வாத பிள்ளைகள் விருந்துக்கு வரலாம். எதில் பாதாம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேட்டு எழுதி வையுங்கள்

"டார்ட் நம் பலகாரமா?" என்ற கேள்விக்கு வருவோம். மேற்கு ஆசியாவின் பாதாம், தென்னமெரிக்காவின் அன்னாசி, இந்தியாவில் பக்குவம் கண்ட சீனி, ஐரோப்பாவின் வெண்ணெய் மாவு. இதில் எந்த ஓர் இனம் தனியாக உரிமை கொண்டாட முடியும்? உழைப்பை வைத்துக் கணக்குப் பார்த்தால், நமக்கும் அதில் பங்கு உண்டு என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்தப் பங்குக்குச் சான்று வேண்டுமே! கரும்பு நின்ற பத்து காவானில் இன்று 2014இல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலம் வந்து இறங்குகிறது. தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துவிட்டன. நிலத்தைப் பார்த்து இனி எதையும் தெரிந்துகொள்ள முடியாது. மனிதர்களைக் கேட்டால்தான் உண்டு. நிபோங் திபால், சிம்பாங் அம்பாட், பத்து காவான் பக்கம் வேர் உள்ள குடும்பங்களில், தம் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் இப்போதே கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் இறங்கினார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு, பெயரோடு எழுதி வையுங்கள். பழைய ரசீது, பிறப்புப் பத்திரம், புகைப்படம் எது கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள்.

அடுத்த பண்டிகைக்கு மாவு பிசையும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அச்சில் மாவு பரப்ப அவர்கள் கை கொடுக்கட்டும். சீனியை அளந்து கொட்டும் நேரத்தில், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லுங்கள். பள்ளிப் பாடத்தில் இல்லாத அந்த வரலாறு, உங்கள் வீட்டுச் சமையலறையிலாவது இருக்கட்டும்.